நான்கு அடியும் ஓர் இரைச்சலும்: 'பி மை பேபி' தாளத்தின் மேல் ஆல்டர்நேட்டிவ் ராக் பாட்டு கட்ட முழுமையான வழிகாட்டி

1963 ஆகஸ்டில் வெளியான 'பி மை பேபி' பாட்டு ட்ரம்ஸோடு திறக்கிறது. கனத்த மூன்று அடி, பிறகு ஒரு வெடிப்பு. பாடியவர்கள் நியூயார்க்கின் ரோனெட்ஸ் குழு. எழுதியவர்கள் ஜெஃப் பேரி, எல்லி கிரீன்விச், பில் ஸ்பெக்டர். ட்ரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளெய்ன். 22 ஆண்டுகள் கழித்து, 1985இல், ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடிலிருந்து வந்த தி ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழு அதே நான்கு அடிகளை எடுத்து 'ஜஸ்ட் லைக் ஹனி'யைத் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வெளியான 'சைக்கோகேண்டி' ஆல்பத்தின் முதல் பாட்டு அது.

மெட்டு வேறு, வரிகள் வேறு. கேட்பவர் மட்டும் முதல் பாரிலேயே (நான்கு பீட் கொண்ட முதல் தாளச் சுற்றிலேயே) 1963க்குப் போய்விடுகிறார். பழைய பாட்டிலிருந்து எவ்வளவு குறைவாக எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் ராக் இசையில் இல்லை. எடுத்தது எலும்புக்கூடு மட்டும். பாட்டின் தயாரிப்பாளருமான ஸ்பெக்டர் அந்த எலும்புக்கூட்டின் மேல் பியானோக்கள், பல கிட்டார்கள், தந்தி வாத்தியங்கள், பின்குரல்கள் எல்லாம் ஏற்றி 'ஒலிச் சுவர்' எழுப்பினார். ஜீசஸ் அண்ட் மேரி செயினின் ரீட் சகோதரர்கள் அந்த இசைக்குழு இருந்த இடத்தில் கிட்டார் ஃபீட்பேக்கையும் (ஆம்பின் ஒலி கிட்டாருக்கே திரும்பி எழுப்பும் அலறல்) ஃபஸ்ஸையும் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) வைத்தார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும்: இந்த வகைப் பாட்டில் இரைச்சல் வெறும் அலங்காரம் கிடையாது, வயலின் வரிசை செய்யும் வேலையை அது செய்கிறது.

கீழே உள்ளது அந்த இரண்டு பாட்டின் நகலெடுப்பு அல்ல. அதே முறையில் உங்கள் சொந்தப் பாட்டை 3 நிமிடத்துக்குக் கட்டும் வழி.

தேவையானவை

எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று, பேஸ் கிட்டார் ஒன்று, ஃபஸ் பெடல் ஒன்று, 5 முதல் 15 வாட் வரையிலான ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி), டைனமிக் மைக் ஒன்று, இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஏதாவதொரு ரெக்கார்டிங் மென்பொருள், மூடிய வகை ஹெட்ஃபோன், டாம்பரின், காது அடைப்பான். ட்ரம்ஸ் செட் முழுவதும் வேண்டாம். ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் கனத்த ட்ரம்) ஒன்றும் ஸ்நேர் (கூர்மையாக வெடிக்கும் சின்ன ட்ரம்) ஒன்றும் போதும். ஜீசஸ் அண்ட் மேரி செயினின் அன்றைய ட்ரம்மர் பாபி கில்லெஸ்பி நின்றபடி அந்த இரண்டை மட்டுமே வாசித்தார். பேஸ் வாசித்த டக்ளஸ் ஹார்ட்டின் கிட்டாரில் இரண்டே தந்திகள். வசதிக் குறைவு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். பாட்டின் வடிவமே இந்தக் குறைவிலிருந்துதான் வருகிறது.

படி 1: இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து கேளுங்கள்

மூன்று முறை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்து.

முதல் முறை ட்ரம்ஸ். 'பி மை பேபி' ஏறத்தாழ 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 பீட்) வேகம். 'ஜஸ்ட் லைக் ஹனி' அதைவிட நிதானம். அதே தாளம் வேகம் குறைந்ததும் துள்ளலை இழந்து, கனவு நடை பெறுகிறது. இரண்டாம் முறை, எந்தக் கருவி எப்போது நுழைகிறது என்பது. பழைய பாட்டில் கருவிகள் அலையலையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. முடிவுக்கு முன் எல்லாம் விலகி ட்ரம்ஸ் தாளம் மறுபடி தனித்து ஒலிக்கிறது. அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், படி 7இல் தேவைப்படும். மூன்றாம் முறை குரல். ரோனெட்ஸின் முதன்மைப் பாடகி, ரானி என்று அறியப்பட்ட வெரோனிகா பென்னட்டின் குரல் அதிர்வோடு முன்னால் வந்து நிற்கிறது. ரீட் சகோதரர்களில் பாடும் ஜிம் ரீடின் குரல் அலட்டாமல், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக, கருவிகளுக்கு இடையில் அமர்ந்திருக்கிறது.

படி 2: அடி

ஒரு பாரை எட்டுக் கட்டங்களாகப் பிரியுங்கள். 1, 4, 5 ஆகிய கட்டங்களில் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) அல்லது ஃப்ளோர் டாம். 7இல் ஸ்நேர். 2, 3, 6, 8 காலி. வாயால் சொன்னால்:

தும் – – து | தும் – டக் –

பதினாறு கட்டம் காட்டும் மென்பொருளில் இவை 1, 7, 9, 13 ஆகும்.

கையில் கருவியை எடுப்பதற்கு முன் இதை மெட்ரோனோமோடு 5 நிமிடம் வாயால் சொல்லுங்கள். பெரும்பாலோர் இரண்டு இடத்தில் தடுக்குவார்கள். ஒன்று, 4ஆம் கட்டத்து 'து'வை அவசரப்பட்டு 3இல் போடுவது. அப்படிப் போட்டால் தாளம் அணிவகுப்பு போல விறைத்துவிடும். மற்றொன்று, 2ஆம் பீட்டில், அதாவது 3ஆம் கட்டத்தில், பழக்கதோஷத்தால் ஒரு ஸ்நேர் சேர்ப்பது. சாதாரண ராக் தாளத்தில் ஸ்நேர் 2ஆம் பீட்டிலும் 4ஆம் பீட்டிலும் விழும். கை அதற்குத்தான் பழகியிருக்கும். இங்கே அந்த முதல் ஸ்நேர் இல்லாததுதான் எல்லாமே. 2ஆம் பீட்டில் தான் தவறவிட்ட அடியை அப்படியே விட்டதால் பிறந்த தாளம் இது என்று ஹால் பிளெய்னே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு ஸ்நேர் போனதும் மீதி ஸ்நேருக்காகக் காது ஒரு பார் முழுக்கக் காத்திருக்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் பாட்டை இழுத்துச் செல்கிறது.

டெம்போவை 112இல் வையுங்கள். 105க்குக் கீழே போனால் காலிக் கட்டங்கள் நீண்டு பாட்டு தொய்கிறது. 122ஐத் தாண்டினால் பழைய பாட்டின் துள்ளல் திரும்பி வந்து, போலி செய்கிறீர்கள் என்று தோன்றிவிடும்.

நிஜ ட்ரம்ஸ் என்றால்: 16 அங்குல ஃப்ளோர் டாம். மேல் தோலைச் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கீழ்த் தோல் அதைவிடச் சற்று இறுக்கம். விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு டேப் ஒட்டினால் போதும். துணியைப் போர்த்தி அடைத்துவிட்டால் 'தும்' செத்து 'டப்' ஆகிவிடும். மைக் ஒன்றே ஒன்று, 1.2 முதல் 1.5 மீட்டர் தள்ளி, டாம் உயரத்தில், இரண்டு ட்ரம்முக்கும் நடுவே பார்த்தபடி. ஸ்நேர் அதிகமாகக் கேட்டால் ஈக்யூவைத் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடாதீர்கள். மைக்கை டாம் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள்.

மென்பொருளில் என்றால்: அடிகளின் வலுவை (வெலாசிட்டி) 1ஆம் கட்டம் 120, 4ஆம் கட்டம் 92, 5ஆம் கட்டம் 114, 7ஆம் கட்டம் 127 என்று தொடங்குங்கள். எல்லாம் ஒரே வலுவில் இருந்தால் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும். ஸ்நேரை மட்டும் 5 முதல் 8 மில்லிவினாடி பின்னுக்குத் தள்ளுங்கள்.

7ஆம் கட்டத்து 'டக்' ஒற்றை ஸ்நேராக நின்றால் மெலிந்து போகும். அதன் மேல் டாம்பரின் ஒன்றும் கைதட்டல் இரண்டு டேக்கும் (தனித்தனிப் பதிவு) சேருங்கள். மூன்றும் 15 மில்லிவினாடிக்குள் விழுந்தால் ஒரே தடித்த அடியாகக் கேட்கும். 30ஐத் தாண்டினால் தடுமாறிய அடியாகக் கேட்கும். ஹை-ஹேட், சிம்பல் எதுவும் வேண்டாம். இசை ரீதியாக அதற்கு வலுவான காரணம் இருக்கிறது: 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள இடம் முழுவதையும் பின்னால் ஃபஸ் எடுத்துக்கொள்ளப் போகிறது. அங்கே சிம்பலையும் வைத்தால் இரண்டும் கலந்து வெறும் 'ஸ்ஸ்ஸ்' மட்டுமே மிஞ்சும்.

ரிவெர்ப் கணக்கு

ஸ்பெக்டர் பதிவு செய்த ஹாலிவுட் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் எதிரொலிக்கென்றே தனி அறைகள் இருந்தன. பதிவான ஒலியை அந்த அறைக்குள் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அங்குள்ள மைக்கில் திரும்பப் பிடிப்பார்கள். நமக்கு ஒரு ரிவெர்ப் (எதிரொலி) ப்ளக்இன்னில் 'சேம்பர்' அல்லது 'பிளேட்' வகை போதும். அளவு மட்டும் தாளத்தோடு பொருந்த வேண்டும்.

112 பிபிஎம்மில் ஒரு பீட் 0.536 வினாடி. ஸ்நேர் 4ஆம் பீட்டில் விழுகிறது. அடுத்த 'தும்' வருவதற்கு அந்த 0.536 வினாடிதான் இடைவெளி. ரிவெர்ப் நீளத்தை 2 வினாடி என்று வைத்தால், அந்த இடைவெளிக்குள் வால் சுமார் 16 டெசிபல் இறங்கியிருக்கும். 'தும்' தெளிவாக வெளியே வரும். 4 வினாடி வைத்தால் 8 டெசிபல் மட்டுமே இறங்கும். முதல் அடி சேற்றில் விழுந்த கல் போல மூழ்கிவிடும். ஆக, நீளம் 1.8 முதல் 2.2 வினாடி. ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி) 20 மில்லிவினாடி. ரிவெர்புக்குப் போகும் ஒலியில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். கிக்கின் அடி ஒலி ரிவெர்புக்குள் போனால் பேஸ் கிட்டாருக்கு இடமே இருக்காது.

படி 3: கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) ஃபீட்பேக்குக்குத் தோதாகத் தேர்ந்தெடுங்கள்

'பி மை பேபி' ஈ மேஜரில் அமைந்தது. கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி) ஈ, சி ஷார்ப் மைனர், ஏ, பி என்ற பழைய டூ-வாப் (1950களின் குரல்குழுப் பாணி) சுற்று. அதற்கு முன்வரும் பகுதியில் ஜி ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி என்று ஐந்தாம் சுர உறவில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும் வரிசை. அழகான வேலை. ஆனால் நமக்கு அது ஆகாது. கார்டு வேகமாக மாறினால் நீண்டு நிற்கும் ஃபீட்பேக் சுரம் ஒவ்வொரு மாற்றத்திலும் முட்டும்.

ஃபீட்பேக்கைச் சுருதிப் பெட்டி போல நினையுங்கள். ஒரே சுரம் விடாமல் நிற்கிறது. அதன் கீழே கார்டுகள் மாறுகின்றன. எனவே அந்தச் சுரம் எல்லாக் கார்டிலும் இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ மேஜர் கிட்டாருக்கு ஏற்றது. ஏ, ஈ இரண்டும் திறந்த தந்திகளாகவே கிடைக்கின்றன, எளிதில் அலறும்.

வெர்ஸ் (சரணப் பகுதி): ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, ஏ, ஒவ்வொன்றும் 2 பார். 'ஏ' சுரம் மூன்று கார்டிலும் இருக்கிறது.

கோரஸ்: ஈ, சி ஷார்ப் மைனர், ஏ, ஈ; ஒவ்வொன்றும் 2 பார். இங்கே பொதுச் சுரம் 'ஈ'.

வெர்ஸிலிருந்து கோரஸுக்குப் போகும்போது சுருதி ஏயிலிருந்து ஈக்கு மாறுகிறது. கேட்பவருக்குப் பாட்டு திறந்துகொள்வது போல இருக்கும், காரணம் பிடிபடாது. வெர்ஸில் ஈ மேஜர் கார்டைச் சேர்க்கும் ஆசை வந்தால் அடக்குங்கள்; மேலே நிற்கும் ஏ அதன் ஜி ஷார்ப்போடு உரசும்.

படி 4: பேஸும் அடிக் கிட்டாரும்

பேஸ் கார்டின் மூலச் சுரத்தை மட்டும், பிக்கால், எட்டில் ஒரு பங்கு அடிகளாக வாசிக்கட்டும். 7ஆம் கட்டத்தில் மட்டும் தந்தியை உள்ளங்கையால் அமர்த்துங்கள். அந்த நொடியில் ஸ்நேர் தனியாக நிற்கும். ஓடும் வரிகள், ஏறி இறங்கும் அலங்காரம் எதுவும் வேண்டாம்.

அடுத்து ஃபஸ் இல்லாத கிட்டார். கார்டுகளை ஒவ்வொரு பாரின் முதல் அடியில் ஒருமுறை, 5ஆம் கட்டத்தில் ஒருமுறை மேலிருந்து கீழாக வருடுங்கள். இதை மூன்று முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து ஒட்டுவது பயன்படாது. ஒரே ஒலி இரண்டு முறை கூடினால் 6 டெசிபல் சத்தம்தான் கூடும், அகலம் கூடாது. நகலைச் சில மில்லிவினாடி நகர்த்தினாலோ சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, குழாய்க்குள் வாசித்தது போல ஆகும். மனிதக் கை மூன்று முறை வாசிக்கும்போது நேரமும் சுருதியும் நூலிழை வேறுபடும். ஒலிச் சுவரின் அடிப்படையே அந்த வேறுபாடுதான். ஸ்பெக்டர் ஒரே வரியைப் பல கிட்டார்களையும் பல பியானோக்களையும் ஒரே அறையில் வாசிக்கவைத்தது இதற்காகத்தான். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி சேருங்கள். நூலிழை நல்லது, நூல்கண்டு கெடுக்கும்.

படி 5: ஃபஸ்ஸும் ஃபீட்பேக்கும்

நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

'சைக்கோகேண்டி' காலத்து ஒலியோடு சேர்த்துப் பேசப்படும் பெடல் ஜப்பானின் ஷின்-எய் நிறுவனத்து ஃபஸ். அதன் குணம் நடு அலைகள் குழிந்திருப்பது: அடியில் உறுமல், மேலே கண்ணாடிக் கீறல், நடுவே பள்ளம். அந்தப் பள்ளத்தில் குரல் உட்காருகிறது. எனவே எந்தப் பெடலை வாங்கினாலும் நடு அலை அடங்கிய வகையைத் தேடுங்கள். நடு அலை தூக்கலான ஓவர்டிரைவ் பெடல் தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருக்கும். குரல் வந்ததும் அதோடு சண்டை போடும். அந்த வகைதான் கையில் இருக்கிறது என்றால் ஈக்யூவில் 800 ஹெர்ட்ஸ் முதல் 1.2 கிலோஹெர்ட்ஸ் வரை 6 முதல் 8 டெசிபல் குறையுங்கள்.

இணைப்பு வரிசை: கிட்டார், நேரே ஃபஸ், அதன்பின் ஆம்ப். பழைய பாணி ஃபஸ் பெடல்கள் கிட்டார் பிக்கப்போடு (தந்தி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுற்று) நேரடியாக இணைந்தால்தான் சரியாக நடந்துகொள்ளும். நடுவே பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் மின்சுற்று) உள்ள ட்யூனரோ வயர்லெஸ் ரிசீவரோ வந்தால் ஒலி கூர்ந்து குத்தும், கிட்டார் வால்யூம் குமிழைக் குறைத்தாலும் தெளியாது. இன்னொன்று: பாசிடிவ் கிரவுண்ட் வகை ஃபஸ்ஸை மற்றப் பெடல்களோடு ஒரே பவர் வயரில் கோர்க்காதீர்கள், ஷார்ட் ஆகும். அதற்கு 9 வோல்ட் பேட்டரி போடுங்கள்.

ஃபீட்பேக் ஒரு வட்டம். தந்தி அதிர்கிறது, பிக்கப் பிடிக்கிறது, ஆம்ப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் காற்றை அசைக்கிறது, அந்தக் காற்று மறுபடி தந்தியை அசைக்கிறது. ஒரு சுற்றில் இழக்கும் ஆற்றலைவிடக் கிடைப்பது அதிகமானால் சுரம் ஓயாது. திரும்பி வரும் அலை தந்தியின் அசைவோடு ஒத்துப் போகவும் வேண்டும். அதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். 440 ஹெர்ட்ஸ் 'ஏ'யின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 78 செ.மீ. அதில் பாதி, 39 செ.மீ., முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் ஒத்துப்போன அலை எதிர்த்துப் போகிறது; சுரம் சாகும், அல்லது வேறொரு மேல்சுரம் எழும். எனவே தரையில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். ஏ நன்றாக நிற்கும் இடம் ஒன்று, ஈ நிற்கும் இடம் ஒன்று. அடுத்த நாள் அதே அறையில் அதே குமிழ் அளவில் அவை அங்கேயே கிடைக்கும்.

செய்முறை: ஆம்பை இடுப்பு உயரத்தில் வையுங்கள். கிட்டார் வால்யூம் 10. ஸ்பீக்கரைப் பார்த்து 1 முதல் 1.5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஐந்தாம் தந்தியைத் திறந்தபடி தட்டி, மற்ற ஐந்தையும் இடக் கையால் அமர்த்துங்கள். 3 வினாடிக்குள் சுரம் பூக்கவில்லை என்றால் ஆம்பை ஒரு கோடு கூட்டுங்கள். ஃபஸ் அளவைக் கூட்ட வேண்டாம். ஃபஸ் ஏற ஏற இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஈக்கு நான்காம் தந்தியின் 2ஆம் கட்டை (ஃப்ரெட்) அல்லது முதல் தந்தி திறந்து. உள்ளே குழிவான, ஹாலோ பாடி வகைக் கிட்டாரின் உடலே அதிர்வதால் குறைந்த சத்தத்திலேயே பிடிக்கும்.

அலறுவது தந்தியா பிக்கப்பா என்று சோதியுங்கள். எல்லாத் தந்திகளையும் இரு கையாலும் அமர்த்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அது நல்ல ஃபீட்பேக். நிற்காமல் ஒரே கீச்சு தொடர்ந்தால் பிக்கப்பின் கம்பிச்சுற்று தளர்ந்து தானே அதிர்கிறது. எந்தக் கட்டையைப் பிடித்தாலும் அதே கீச்சுதான் வரும், பாட்டுக்கு உதவாது. மெழுகில் தோய்த்த பிக்கப் போட்டால் தீரும். தற்காலிகமாக, ஆம்பின் ட்ரெபிளைக் குறைத்துப் பாருங்கள்.

அக்கம்பக்கம் சத்தம் போடும் என்றால் சிறிய ஆம்பைக் குறைவாக வைத்து, கிட்டாரின் தலைப் பகுதியை ஆம்ப் பெட்டியின் மரத்தில் லேசாக முட்ட வையுங்கள். அதிர்வு காற்றுக்குப் பதில் மரத்தின் வழியாகப் போய்ச் சுழலும். ஹெட்ஃபோனில் மட்டும் வாசித்தால் ஃபீட்பேக் ஒருபோதும் வராது; வட்டம் அங்கே அறுந்துவிடுகிறது.

காது அடைப்பானை மறக்க வேண்டாம். 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். சின்ன அறையில் ஃபஸ்ஸோடு நிற்கும் கிட்டாரிஸ்டுக்கு 100 எட்டாத அளவல்ல. போன காது திரும்பி வராது.

பதிவு: வெர்ஸுக்கு ஏ, கோரஸுக்கு ஈ, இரண்டையும் தனித்தனி ட்ராக்கில். பாட்டு முழுக்க ஓடவிட்டு, மூன்று முழு டேக் எடுங்கள். மைக் ஸ்பீக்கர் கூம்பின் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே, 5 செ.மீ. தள்ளி. சுரம் பூத்து, வேறு மேல்சுரத்துக்குத் தாவும் கணங்கள் தாமாக வரும். அவற்றை வெட்டி எறியாதீர்கள். அந்தக் கணங்கள்தான் இந்தப் பாட்டின் வயலின் வரிகள்.

படி 6: மெட்டும் குரலும்

இரைச்சல் கடுமையாக இருப்பதால் மெட்டு இனிமையாக, குழந்தையும் முணுமுணுக்கும்படி இருக்க வேண்டும். ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கட்டும். இரண்டும் கடுமை என்றால் கேட்பவருக்குப் பிடித்து நிற்க ஒன்றும் இல்லை.

மெட்டு அமைந்ததும் கட்டாயம் ஒரு சோதனை: கருவியே இல்லாமல் வெறும் குரலில், 'தும் து தும் டக்' கூட இல்லாமல், அதைப் பாடிப் பதிவு செய்து, பழைய பாட்டு தெரிந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் 'பி மை பேபி' என்றால் மெட்டை மாற்றுங்கள். தாளத்தோடு கேட்டு அப்படிச் சொன்னால் கவலை வேண்டாம், அது நோக்கம்தான். ஒரு ட்ரம் தாளம் பொதுவாக யாருடைய தனிச் சொத்தாகவும் கருதப்படுவதில்லை. மெட்டும் வரிகளும் அப்படியல்ல. பழைய ஒலிப்பதிவிலிருந்து ட்ரம்ஸ் துண்டை வெட்டி ஒட்டவே கூடாது. அதற்கு ஒலிப்பதிவின் உரிமையாளர், பாட்டின் உரிமையாளர் இருவரிடமும் அனுமதி வேண்டும். நான்கு அடிதானே, நீங்களே அடியுங்கள்.

தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் 1ஆம், 5ஆம் கட்டங்களில் நெடில் விழும்படி பாருங்கள். 7ஆம் கட்டத்தில் அசையே வேண்டாம். அங்கே வல்லின ஒற்று விழுந்தால் ஸ்நேரோடு மோதி இரண்டும் தெளிவிழக்கும். வரி ஒன்றுக்கு மூன்று நான்கு சொல் போதும்.

பாடும்போது மைக்கிலிருந்து 8 முதல் 10 செ.மீ., பாப் ஃபில்டரோடு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக்கு. உரக்கப் பாடினால் இரைச்சலோடு போட்டிக்கு நிற்பது போலாகும். அதே வரியை இரண்டாம் முறை பாடி, முதலாவதைவிட 8 டெசிபல் குறைத்து அடியில் வையுங்கள். கடைசிக் கோரஸில் ஒரு பெண் குரலைச் சேர்த்தால் ரோனெட்ஸின் நிழல் வந்து சேரும். 'ஜஸ்ட் லைக் ஹனி'யிலும் கேரன் பார்க்கர் பின்குரல் பாடியிருக்கிறார்.

படி 7: வடிவம்

112 பிபிஎம்மில் 84 பார் சரியாக 3 நிமிடம். இப்படிப் பிரிக்கலாம்: ட்ரம்ஸ் மட்டும் 4, கிட்டாரும் பேஸும் சேர்ந்து 4, வெர்ஸ் 16, கோரஸ் 8, வெர்ஸ் 16, கோரஸ் 8, ட்ரம்ஸ் மட்டும் 4, கோரஸ் 16, ஏ கார்டிலேயே நின்று மறையும் முடிவு 8.

நடுவில் வரும் அந்த 4 பார் ட்ரம்ஸ், பழைய பாட்டிலிருந்து நாம் எடுக்கும் இரண்டாவது எலும்பு. அதற்கு முந்தைய கோரஸின் கடைசி அடியில் எல்லா ட்ராக்கையும் சட்டென்று அறுங்கள். ரிவெர்ப் வால் மட்டும் மிஞ்சட்டும். ஃபீட்பேக் ட்ராக்கை அந்த 4 பாரின் கடைசிப் பாரில் மெல்ல ஏற்றினால், அடுத்த கோரஸ் வரும்போது அறை பெரிதான மாதிரி இருக்கும்.

படி 8: மிக்ஸ்

முழு மிக்ஸையும் மோனோவில் (இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலியில்) தொடங்குங்கள். 'பி மை பேபி' மோனோவுக்கென்றே கட்டப்பட்ட பாட்டு. மோனோவில் பிரிந்து கேட்காதது ஸ்டீரியோவில் பிரிந்தது போல நடிக்கும், அவ்வளவுதான்.

ட்ரம்ஸை முதலில் ஏற்றுங்கள், உச்சம் மைனஸ் 10 டெசிபல் அளவில். பிறகு குரல், ஸ்நேருக்குச் சற்றுக் கீழே. பேஸ். மூன்று அடிக் கிட்டார். ஃபீட்பேக் கடைசி. வெர்ஸில் குரலைவிட 12 டெசிபல் கீழே, கோரஸில் 5 அல்லது 6 கீழே, கடைசிக் கோரஸில் 3 கீழே. தொடக்கத்திலிருந்தே உச்சத்தில் வைத்தால் பத்து நொடியில் காது பழகி, இரைச்சலின் வலி போய்விடும், அதோடு இனிமையும்.

அடிக் கிட்டார்களில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஃபீட்பேக்கில் 300க்குக் கீழே வெட்டுங்கள். ஃபஸ் குத்தினால் 3 முதல் 4.5 கிலோஹெர்ட்ஸுக்குள் குத்தும் இடத்தைத் தேடி 4 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் பல் பிடுங்கின பாம்பாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸில் (கூட்டு ட்ராக்கில்) சேர்த்து 2:1 கம்ப்ரெஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது), ஊசி 2 டெசிபலுக்கு மேல் ஆடாதபடி. அட்டாக் (அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லிவினாடி, அப்போதுதான் 'தும்' முகப்பு நசுங்காது. பிறகு ஸ்டீரியோவைத் திறந்து அடிக் கிட்டார்களில் இரண்டை இருபக்கமும் தள்ளுங்கள், மூன்றாவது நடுவில். ட்ரம்ஸ், பேஸ், குரல் மூன்றும் நடுவை விட்டு அசையக் கூடாது.

மிக்ஸ் முடிந்த மறுநாள் காலையில், ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில், பக்கத்தில் பேசுவதைவிடக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். அந்த அளவில் ஸ்நேரும் குரலும் இரண்டும் கேட்க வேண்டும். குரல் கேட்கவில்லை என்றால் குரலைத் தூக்காதீர்கள், ஃபீட்பேக்கை 2 டெசிபல் இறக்குங்கள். ஸ்நேர் கேட்கவில்லை என்றால் டாம்பரினைத் தூக்குங்கள். 'தும்' காணாமல் போயிருந்தால் ஃபோன் ஸ்பீக்கருக்கு அடி ஒலி வராது என்று விட்டுவிடாமல், ஃப்ளோர் டாமில் 180 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் கூட்டி மறுபடி கேளுங்கள்.

முடிவில் வரும் 8 பாரில் குரலும் கிட்டார்களும் முதல் 4 பாருக்குள் மறையட்டும். அடுத்த 3 பாரில் ஃபீட்பேக் இறங்கட்டும். கடைசிப் பாரில் அந்த நான்கு அடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு, ஸ்நேரின் ரிவெர்ப் முழுதாகச் சாகும்வரை கோப்பை வெட்டாமல் இன்னொரு 3 வினாடி நீட்டி ஏற்றுமதி செய்யுங்கள்.